மந்திரி ஒஸ்தோயா குடிக்காத தண்ணீர்

ஒஸ்தோயா வுகொமான் காபி குடிப்பதில் ஒரு முறை வைத்திருந்தார். சர்க்கரைக் கட்டியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுப்பார். கோப்பைக்குள் போட்டுவிட மாட்டார். ஒரு மூலையை மட்டும் காபியில் தொடவைத்து அப்படியே பிடித்திருப்பார். பழுப்பு நிறம் கட்டிக்குள் மெல்ல ஏறும். பாதி உயரம் வந்ததும் சட்டென்று தூக்கி, நனைந்த பாதியை முன்பற்களால் நறுக்கிக்கொள்வார். மிச்சமிருக்கும் வெள்ளைப் பாதியைத் தட்டின் ஓரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிற மாதிரி, வைப்பார். பிறகுதான் ஒரு வாய் காபி. அடுத்த வாய்க்கு அந்த வெள்ளைப் பாதியைத் தொடுவது கிடையாது, புதுக் கட்டி. குடித்து முடிக்கும்போது தட்டைச் சுற்றி வெள்ளைத் துண்டுகள், கறை படாதவை, அவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவை போல நிற்கும்.

அந்தத் தட்டுகளை எடுத்துப் போனவள் வஸ்வியா. அவர் மேனேஜராக இருந்த ப்ரெஸோவா நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில் அவள் காபிக்காரி. அந்தக் காலத்தில் ஓர் அலுவலகத்தில் கோப்பு இல்லாமல் இருக்கலாம், தட்டச்சு யந்திரம் இல்லாமல் இருக்கலாம், காபிக்காரி இல்லாமல் இருக்க முடியாது. வெள்ளைத் துண்டுகளைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வராது. ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். தம்பி ரெஃபிக் வாசலிலேயே கையை நீட்டுவான். அவனும் அதே அலுவலகத்தில் குழாய் பிட்டர். தாய் தகப்பன் போன பிறகு அக்கா வளர்த்த பிள்ளை.

“என்னக்கா, இன்னைக்கு மேனேஜர் எத்தனை துண்டு படியளந்தாரு?”

“வாய மூடிட்டுத் தின்னு. எச்சில் படாத பக்கம்தான்.”

“அவர் மேல எதுவுமே படாதுக்கா. கவனிச்சியா? குழி வெட்டினது நாங்க, சேத்துல நின்னது நாங்க. போட்டோவுல ரிப்பன் வெட்டுறது அவரு. ஷூல ஒரு பொட்டு மண்ணு கிடையாது.”

ரிப்பன் வெட்டியது வெள்ளை ஊற்றுக்கு. ஊருக்கு மேலே பீச் மரக்காட்டுக்குள் இருந்த அந்த ஊற்றுக்கு ஆஸ்திரியாக்காரன் காலத்திலேயே கல்லால் சுவர் எழுப்பி, தண்ணீர் சேர ஒரு கல் அறையும் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஊருக்குப் புதுக்குழாய் போட்டார்கள். ஊரே மண்வெட்டியோடு மலையேறி வேலை செய்தது. ஒஸ்தோயா அதுவரை பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். விசில் ஊதத் தெரியும், கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டத்தில் எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்று தெரியும். தண்ணீர் மேலிருந்து கீழே வரும் என்பதைத் தவிர அந்தத் துறையில் வேறு ஞானம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் மேனேஜர் ஆனார். ஆன நாளிலிருந்து அது அவருடைய தண்ணீர். கூட்டத்தில் யாராவது சோடா பாட்டிலைத் திறந்தால் பிடுங்கிக் கொட்டுவார். “நாட்டுலயே மென்மையான தண்ணி குழாய்ல வருது. இவனுக்குப் பாட்டில் கேக்குதா?” வெளியூர் அதிகாரி வந்தால் முதலில் ஒரு தம்ளர் தண்ணீர், பிறகு அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு பேருரை, பிறகுதான் வஸ்வியாவின் காபி.

காற்று திரும்பியபோது அவரும் திரும்பினார். கட்சி அட்டை வைத்திருந்த சட்டைப்பையில் சிலுவை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தின் முன்வரிசையில் மெழுகுவத்தியை மைக் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். நாடு உடைந்தது. செர்பியர்கள் தனி அரசாங்கம் என்று ஒன்றை மலைமேல் ஒரு ஹோட்டலில் நடத்தினார்கள். அதற்கு மந்திரிகள் தேவைப்பட்டார்கள். ஒரு நாட்டுக்கு வேண்டிய அறிவாளிகள் அந்த மலையில் இல்லாததால், இருந்தவர்களை வைத்துச் சமாளித்தார்கள். ஒஸ்தோயா போக்குவரத்து மந்திரி ஆனார். பஸ், லாரி, டீசல், மண்தோண்டும் யந்திரம், எல்லாம் அவர் கையில்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷக் கோடையில் ப்ரெஸோவாவின் முஸ்லிம் ஆண்களைச் சதுக்கத்துக்கு வரச் சொன்னார்கள். மந்திரி அன்று சொந்த ஊருக்கு வந்திருந்தார். ராணுவ உடுப்பு, அதற்குப் பொருந்தாத அலுவலகப் பெல்ட். ரெஃபிக் பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தான். வஸ்வியா மந்திரியின் முழங்கையைப் பிடித்தாள்.

“மேனேஜரே, இவன் உங்க பிட்டர். உங்க ஊத்துக்குக் குழாய் போட்டவன்.”

“நீ ஏன்மா அழற? இது என் பஸ்ஸு. என் பஸ்ஸுல ஏறினவன் எங்க போய்ச் சேருவான்னு எனக்குத் தெரியாதா? கைதி மாத்திக்கப் போறாங்க. நாலு நாள்ல உன் தம்பி போன் பண்ணுவான் பாரு.” அவள் விரல்களைத் தம் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக, மரியாதையாகவே, பிரித்துவிட்டார். பிறகு அந்த இடத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

ரெஃபிக் ஜன்னலில் முகம் வைத்துக் கத்தினான்: “அக்கா, சர்க்கரைத் துண்ட நீயே தின்னுடாத!”

அந்த பஸ் எங்கும் போய்ச் சேரவில்லை. அதாவது, எங்கோ போய்ச் சேர்ந்தது. எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்லவில்லை. இனி வஸ்வியாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கேள்வி மிச்சம். தம்பி உயிரோடு இல்லை என்பது அவளுக்கு முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் கேள்வி. ஒரு கல் நட்டு, பக்கத்தில் உட்கார ஓர் இடம்.

போர் முடிந்து சில வருஷம் கழித்து மந்திரியைப் பிடித்து ஹேக் நகரத்துப் போர்க்குற்ற நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். தூஸ்லாவில் அகதிகள் தங்கிய பள்ளிக்கூட அறையில் வஸ்வியா தொலைக்காட்சியில் பார்த்தாள். நல்ல கோட்டு, நல்ல டை, காதில் மொழிபெயர்ப்புக் கருவி. ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு வண்டி கொடுத்தது உதவி என்றார். காடுகளில் யந்திரம் வைத்துத் தோண்டியது சாலைப்பணி என்றார். நீதிபதி விடாமல் கேட்டபோது குரலைத் தழைத்துக்கொண்டார்.

“கனம் நீதிபதி அவர்களே, நான் பேருக்குத்தான் மந்திரி. நான் போட்ட உத்தரவை ஒரு டிரைவர்கூடக் கேட்டதில்லை. போன் எடுத்தால் மறுமுனையில் சிரிப்பார்கள்.”

பத்து வருஷம் எல்லோரையும் போன் எடுத்து மிரட்டிய மனிதர். வஸ்வியாவுக்குப் பக்கத்திலிருந்த பெண் தொலைக்காட்சியை நோக்கிச் செருப்பை எறிந்தாள். தம் அம்மாவின் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்ற ஆளில்லை என்று சொல்லும்போது மந்திரிக்கு அழுகை வந்தது. நீதிமன்றம் அதற்காக இடைவேளை விட்டது. கல்லறை இருக்கிற அம்மா.

பதினெட்டு வருஷம் என்று தீர்ப்பானது. மூன்றில் இரண்டு பங்கு முடிந்தால் விட்டுவிடுவார்கள். வடக்கே ஒரு குளிர் நாட்டுச் சிறை. தனி அறை, ஜன்னலில் ஏரி. மீன்தான் பிடிக்கவில்லையாம், அதற்கு இரண்டு முறை புகார் கொடுத்தார். அங்கே நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார். பீச் மரங்கள், பாலம், சதுக்கம், வெள்ளை ஊற்று என்று ஊரை நினைவிலிருந்து வரைந்து தள்ளினார். ஒரு படத்திலும் ஆள் கிடையாது.

திரும்பி வந்த நாளில் ப்ரெஸோவா பித்தளை வாத்தியத்தோடு எல்லைக்கே போனது. நகரத் தலைவர் மிலென்கோ ஆட்டை முழுசாகச் சுட்டு வைத்திருந்தார். “நமக்காகச் சிலுவை சுமந்த மனுஷன்!” என்று ஒலிபெருக்கியில் கத்தினார். சிலுவை சுமந்த மனுஷனுக்குச் சிறைக்குப் போனபோது இருந்ததைவிட நல்ல நிறமும் கொஞ்சம் தொந்தியும் வந்திருந்தது.

வஸ்வியா அதற்கு முன்பே ஊர் திரும்பியிருந்தாள். எரிந்த வீட்டுக்குக் கூரை போட்டு, ராஸ்ப்பெர்ரி பயிர் வைத்து, தனியாக இருந்தாள். அந்த நவம்பரில், ஒஸ்தோயா வீட்டில் குலப்புனிதர் நாளன்று, நல்ல உடுப்பு உடுத்தி, வெள்ளை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் வாசலில் போய் நின்றாள்.

ஸ்லாவா என்கிற அந்த நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும். வருகிறவர் வரலாம், எதிரியானாலும் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் புனிதரையே அனுப்பியது போல. செர்பியர் வீட்டு வழக்கம் என்றாலும் ஊர் முழுக்கத் தெரிந்த வழக்கம். போருக்கு முன்னால் அவளும் ரெஃபிக்கும் வருஷம் தவறாமல் வந்தவர்கள்.

நீளமேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் கரண்டிகள் நின்றன. பாதிரியார் பாதி எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். ஒஸ்தோயாவின் மனைவி தொப்ரிலாதான் முதலில் அசைந்தாள். நுழைகிறவர்கள் ஒரு கரண்டி எடுத்துக்கொள்ள வேண்டிய வேகவைத்த கோதுமையை நீட்டினாள். சர்க்கரையும் வால்நட்டும் கலந்து, வீட்டின் இறந்தவர்களுக்காகச் சமைப்பது.

வஸ்வியா ஒரு கரண்டி வாயில் போட்டு நிதானமாக மென்றாள். “இது உங்க செத்தவங்களுக்கு வேக வச்சது. என் செத்தவனுக்கு எங்க வேக வைக்கிறதுன்னு இடம் தெரியல. அதான் இங்க வந்து சாப்பிடறேன்.”

“வா வஸ்வியா, உக்காரு. இந்த வீட்டுக் கதவு என்னைக்கும் திறந்துதான் இருக்கும்” என்றார் ஒஸ்தோயா. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததால் குரலில் நெய் வழிந்தது.

“மேனேஜரே, ரெஃபிக் எங்க?”

எல்லோரும் அவரை மந்திரி என்றுதான் அழைத்தார்கள். அவள் ஒருத்திக்கு மட்டும் அவர் கடைசிவரை மேனேஜர்.

“போர்னா போர்தாம்மா. ரெண்டு பக்கமும் தாய்மார் அழுதாங்க. நானும் பன்னெண்டு வருஷம் அழுதேன்.”

“நீங்க அழுதது டிவில பாத்தேன். உங்க பஸ் எங்க போச்சுன்னு கேக்கறேன்.”

தொப்ரிலா அவள் முன்னாலிருந்து பன்றி இறைச்சித் தட்டை எடுத்துவிட்டுப் பாலாடைக்கட்டிப் பணியாரத்தை வைத்தாள். யாரும் சொல்லாமல் கை தானாக நினைவு வைத்திருந்தது. சற்று நேரத்தில் மூன்றாவது காபியும் வந்தது. வந்ததும் கொடுப்பது முதல் காபி. பேச்சு வளர்க்க இரண்டாவது. மூன்றாவது வந்தால் கிளம்பு என்று அர்த்தம். வாயால் சொல்லக் கூடாததைக் கோப்பையால் சொல்லிவிடுவார்கள். வஸ்வியா அதைத் தொடவில்லை. குடிக்காத காபியை விருந்தாளி முன்னிருந்து எடுப்பதும் மரியாதையில்லை. அது ஆறியது, ஆடை கட்டியது, விருந்து முடிகிற வரைக்கும் அங்கேயே இருந்தது. அவளும் இருந்தாள்.

இப்படியே வருஷா வருஷம். நவம்பர், கோதுமை, அதே கேள்வி, ஆறிப்போன காபி. ஊர் பழகிக்கொண்டது, ஊர்களுக்கு எதுவும் பழகும். “நம்ம காபிக்காரி வந்தாச்சா?” என்று மிலென்கோ சிரிப்பார். அவள் கேள்வி பாதிரியாரின் ஜெபம் மாதிரி, விருந்தின் ஒரு பகுதி மாதிரி ஆனது. ஒஸ்தோயாவும் தேறிவிட்டார். அவள் கேட்டதும் கண்ணை மூடி, “ஆண்டவனுக்குத்தான் தெரியும்” என்று சொல்லிச் சர்க்கரைக் கட்டியை நனைப்பார். ஆண்டவன் பஸ் ஓட்டிய மாதிரி.

ஒரு வருஷம், ஸ்லாவாவுக்குச் சில நாள் முன்னால், தொப்ரிலா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பிள்ளைகள் வியன்னாவில், தகப்பன் பேரால் அங்கே சங்கடம் என்று வருவதில்லை. விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்தாயிற்று, காபி வரவில்லை. மேசைக்கோடியில் செடோ உட்கார்ந்திருந்தான். பழைய குடிநீர் அலுவலகத்தில் ரெஃபிக்கோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிட்டர். எல்லா விருந்துக்கும் வந்து எதுவும் பேசாமல் சாப்பிட்டுப் போகிறவன்.

மிலென்கோவுக்கு ஒரு யோசனை வந்தது. “வஸ்வியா! சும்மாதானே உக்காந்திருக்க. ஆபீஸ் காபி ஒண்ணு போடேன். மந்திரியும் பழைய ருசி பாக்கட்டும்.”

மேசை சிரித்தது. வஸ்வியா எழுந்தாள். அவமானப்படுத்துகிறார்கள் என்று தெரியும். ஆனால் அந்தச் சிரிப்போடு உட்கார்ந்திருப்பதைவிடச் சமையலறை மேல்.

அடுப்பின் மேல் பெரிய காபிச் செம்பு ஒன்று, பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்குச் சின்னது ஒன்று. தொப்ரிலா மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்தபடி வந்து நின்றாள்.

“பெருசு எல்லாருக்கும். சின்னது அவருக்கு. அவருக்கு மட்டும் அந்தப் பாட்டில் தண்ணி.”

“பாட்டில் தண்ணியா? மேனேஜருக்கா?”

“சிறுநீரகமாம். ஜெயில்லேர்ந்து வந்ததிலேர்ந்து அப்படித்தான். பல்லு விளக்கக்கூட அதுதான்.”

“உனக்கு?”

“எனக்கு என்ன கேடு? குழாய்த் தண்ணிதான்.”

சோடா பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டிய கையை வஸ்வியா நினைத்துக்கொண்டாள். சந்தேகம் என்று எதுவும் அவளுக்கு அப்போது வரவில்லை. வந்தது எரிச்சல்தான். ஊருக்கெல்லாம் ஒரு தண்ணீர், இவருக்கு மட்டும் தனியா? சின்னச் செம்பையும் குழாயடியில் பிடித்தாள். தொப்ரிலா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காபி நுரையோடு வந்தது. பாதிரியார் ஒரு வாய் குடித்து, “இதாம்மா காபி” என்றார். செடோ உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“தண்ணி சாமி, தண்ணி! வெள்ளை ஊத்துத் தண்ணி!” என்று மிலென்கோ சுவரிலிருந்த நீர்வண்ணப் படத்தைக் காட்டினார். “மந்திரி கொண்டுவந்த தண்ணி. சாராயெவோக்காரன் தவம் கிடந்தாலும் இப்படி ஒண்ணு கிடைக்காது.”

ஒஸ்தோயா பெருந்தன்மையாகச் சிரித்தார். சர்க்கரைக் கட்டியை எடுத்தார், மூலையை நனைத்தார், பழுப்பு ஏறுவதைப் பார்த்தார், நறுக்கினார், ஒரு வாய் குடித்தார். அப்படி நாலைந்து வாய். வெள்ளைத் துண்டுகள் தட்டோரம் சேர்ந்தன. “ஊருக்கே கொண்டுவந்தேன். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. டாக்டர் சொன்ன தண்ணிதான் எனக்கு” என்று பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி வாய்நிறைய உறிஞ்சினார்.

“இன்னைக்கு உண்டு மேனேஜரே” என்றாள் வஸ்வியா, காலித்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. “உங்களுதும் குழாய்த் தண்ணிதான்.”

வாயிலிருந்தது மேசைமேல் வந்து விழுந்தது. வெள்ளை விரிப்பில் பழுப்பு. தட்டோரத்து வெள்ளைத் துண்டுகள் அத்தனையும் நிறம் மாறிக் கரைய ஆரம்பித்தன. ஒஸ்தோயா எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு, விரலைத் தொண்டைக்குள் விட்டார். ஹேக்கில் வராத சத்தமெல்லாம் அவரிடமிருந்து வந்தது.

“அதுலயா போட்ட? கடவுளே, அந்தத் தண்ணியிலயா! அந்தத் தண்ணியிலயா!”

எல்லோர் கையிலும் கோப்பை. பாதி குடித்தது, முக்கால் குடித்தது.

“மந்திரி” என்றார் மிலென்கோ மெதுவாக. “அந்தத் தண்ணின்னா, எந்தத் தண்ணி?”

“கல்லு... சிறுநீரகத்துல கல்லு வரும்...”

“நாட்டுலயே மென்மையான தண்ணின்னு நீங்கதானே இத்தனை வருஷமா சொல்றீங்க? என் பேரப்புள்ளைங்க குடிக்குது. ஊரே குடிக்குது. இதுல என்ன இருக்கு?”

ஒஸ்தோயா வாயைத் துடைத்துக்கொண்டார். பாதிரியார் கோப்பையைக் கீழே வைத்தார். ஒவ்வொருவராக அந்தச் சுவர்ப் படத்தைப் பார்த்தார்கள். மரங்கள், கல் அறையின் வளைவு, ஊற்று, ஆளில்லை. செடோ மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. தன் கோப்பையை நிதானமாகக் குடித்து முடித்து, மண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

வஸ்வியா கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தாள்.

“மேனேஜரே, மேல என்ன இருக்கு?”

“தொப்ரிலா!” என்று கத்தினார் ஒஸ்தோயா. “காபி கொண்டா! எல்லாருக்கும் கடைசிக் காபி கொண்டா!”

தொப்ரிலா சமையலறை வாசலில் மாவுக்கட்டுக் கையோடு நின்றாள். “எந்தத் தண்ணியில? நீங்க குடிச்சதுலயா, நான் குடிச்சதுலயா?”

அன்று கடைசிக் காபி தேவைப்படவில்லை. கோட்டை எடுத்தவர்கள் தொப்பியை விட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு நடந்ததை ஊர் இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. உண்மையைத் தோண்டியெடுத்தவர்கள் நாங்கள் என்று. அது பொய். பஸ் புறப்பட்ட நாளிலிருந்து கேட்காத ஊர், வஸ்வியா வருஷா வருஷம் கேட்டபோது சிரித்த ஊர், வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் மலையேறியது. மறுநாள் கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்தது. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நகரசபை முன் நின்றார்கள். மிலென்கோவுக்கு அடுத்த தேர்தல் கண்ணில் தெரிந்தது. காணாமல் போனவர்களைத் தேடும் ஆட்களுக்கு அவரே போன் செய்தார். வெள்ளை ஊற்றுப் பாதையில் போர்க்காலம் தொட்டு மண்டையோட்டுப் பலகைகள் நின்றன, கண்ணிவெடி இருக்கிறது என்று. யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. குழாய் வரைபடங்கள் போரில் எரிந்துவிட்டன. தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டார்கள். வெடி எடுப்பவர்கள் முதலில் போனார்கள். பலகைகள் மட்டும்தான் இருந்தன, வெடி ஒன்றுகூட இல்லை.

ஆஸ்திரியாக்காரன் கட்டிய கல் அறையின் வாசலை ஒரு சிமென்டுச் சுவர் அடைத்திருந்தது. உடைத்தார்கள். பஸ்ஸில் போனவர்கள் உள்ளே இருந்தார்கள்.

விசாரிக்க வந்தவர்களிடம் ஒஸ்தோயா, சிறுநீரகக் கோளாறு என்றார், வயதாகிவிட்டது என்றார், தம்மை ஏற்கனவே ஒருமுறை தண்டித்தாயிற்று என்றார். வழக்கறிஞர் அதையே இன்னும் நீளமாகச் சொன்னார். அடுத்த நவம்பரில் நீளமேசை போட்டு, கோதுமை வேகவைத்து, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். பாதிரியார் கடமைக்கு வந்து, ரொட்டியை வெட்டி ஆசீர்வதித்து, தண்ணீர்கூடத் தொடாமல் போனார். வேறு யாரும் வரவில்லை. கொன்றதை மன்னித்திருந்தார்கள்; குடிக்கவைத்ததை மன்னிக்க முடியவில்லை. அவர் கட்டிக்காத்த ஊர் அவ்வளவுதான், அவரும் அவ்வளவுதான். தொப்ரிலா வியன்னா பஸ் ஏறிப் போய்விட்டாள் என்று கேள்வி.

வஸ்வியாவின் ரத்தத்தோடு ஒப்பிட்டு ரெஃபிக்கை அடையாளம் சொன்னார்கள். ராஸ்ப்பெர்ரி பழுக்கிற மாதத்தில் அடக்கம். வெள்ளைக் கல்லை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். எல்லோரும் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள், அதற்காகத்தானே இத்தனையும். பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டி எடுத்து, முழுசாக, புல்லில் வைத்தாள்.

வேலிக்கு வெளியே யாரோ இருமினார்கள். செடோ. உள்ளே வரவில்லை, தொப்பியைக் கையில் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தான்.

“வஸ்வியா, ஊர்ல சொல்லிடு. தண்ணிக்கு ஒண்ணும் இல்ல. அந்தத் தண்ணி ஊருக்கு வர்றதே இல்ல.”

“என்ன சொல்ற?”

“மேல இருக்கிற வெள்ளை ஊத்து லைன அப்பவே வெட்டியாச்சு. நீங்கள்லாம் குடிக்கிறது பழைய கீழ் ஊத்துத் தண்ணி. அன்னைலேர்ந்து அதான் வருது. மேலேர்ந்து ஒரு சொட்டு இறங்கினதில்ல.”

அவள் எழுந்து வேலியருகே வந்தாள். “நீ வெட்டினியா?”

“நானும் இன்னும் ரெண்டு பேரும். சுவரும் நாங்கதான் வச்சோம். உள்ள பாக்கச் சொல்லல, நாங்க பாக்கல.”

“அன்னைக்கு மேசைல இத ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா எப்ப வெட்டின, எதுக்கு வெட்டினன்னு கேட்டிருப்பாங்களே.”

“யாரு வெட்டச் சொன்னா?”

“வேற யாரு? மந்திரிதான் போன் பண்ணாரு. பஸ்ஸு போனதுக்கு மறுநாள் காலைல. சாயங்காலத்துக்குள்ள வெட்டி, அடைச்சு, பூசிட்டு, முடிஞ்சுதுன்னு அவருக்கே திருப்பிப் போன் பண்ணிச் சொன்னேன்.” செடோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். “தன் உத்தரவ யாரும் கேக்கலன்னு கோர்ட்டுல சொன்னத அவரே நம்பிட்டாரு போல. அவர் ஒண்ணு சொல்லி நாங்க செய்யாம இருந்ததே இல்ல, வஸ்வியா.”